கதிரவனில் ஓர் ஓட்டம் கண்டவர்

கொடைக்கானல் ஊரிலிருந்து பூம்பாறை செல்லும் சாலையில் மேற்கே சென்றால், மரங்களுக்கிடையே உயர்ந்த மேடொன்றில் வெண்ணிறக் குவிமாடங்கள் தென்படும். கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள அவ்விடமே கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சுற்றுலாவுக்கு வருவோர் ஏரியையும் தூண்பாறையையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். இந்த மேட்டுக்கு வருவோர் சிலரே. ஆயினும், உலகின் அறிவியல் நூல்களில் கொடைக்கானல் என்னும் பெயர் இடம்பெறுவது ஏரியால் அன்று. இம்மேட்டில் 1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவர் எடுத்த சில ஒளிப்படத் தகடுகளால்தான். அவர் பெயர் ஜான் எவர்ஷெட்.

அவர் வாழ்வைச் சொல்வதற்கு முன், இம்மலைமேல் சூரியனை ஆராய ஓர் ஆய்வகம் ஏன் தோன்றியது என்பதை அறிதல் வேண்டும். அதன் வேர் ஒரு பெருந்துயரத்தில் உள்ளது. 1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் நிலைமை சீராகவில்லை. சென்னை மாகாணம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் இலட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மாண்டனர். நம் முன்னோர் அதனைத் தாது வருடப் பஞ்சம் என அழைத்தனர். இருந்த தானியத்தையும் ஏற்றுமதி செய்த ஆட்சியின் பங்கு இக்கொடுமையில் சிறியதன்று. ஆனால், ஆட்சியாளர் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி வேறு: மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய இயலுமா?

அக்காலத்தில் அதற்கு ஒரு கவர்ச்சியான விடை வைத்திருந்தவர்கள் இருந்தனர். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடியும் குறைந்தும் வருகிறது என்பதை ஜெர்மானியரான சுவாபே 1843இல் அறிவித்திருந்தார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழை குறைகிறது என்றும், பஞ்சம் வருகிறது என்றும், வானியலறிஞர் நார்மன் லாக்கியரும் ஆட்சிப்பணியாளர் வில்லியம் ஹண்டரும் 1877இல் எழுதினர். ஒரு காரணம், ஒரு விளைவு, ஒரு கணக்கு. இது மெய்யானால் பஞ்சத்தின் நாளைக் குறித்துவைத்துக் களஞ்சியங்களை நிரப்பலாம் அன்றோ? அந்த எண்ணம் கோப்புகளில் ஊர்ந்து சென்றது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானாய்வகத்தின் பணி, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியராக இருந்து அரசு வானியலாளரான மிச்சி ஸ்மித்தின் முயற்சியால், 1899இல் பழனிமலைக்கு மாற்றப்பட்டது. தூசியும் வெப்ப அலைவும் குறைந்த மலைக்காற்று சூரியனை நோக்கத் தக்கது என்பதே அவர் கொடைக்கானலைத் தேர்ந்ததற்குக் காரணம்.

இங்கே ஓர் இடையுரை. பழனிமலையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. சூரியப்புள்ளிச் சுழற்சியோ ஏறத்தாழ பதினொரு ஆண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் இவற்றுக்குள் உறவு உண்டென நம்ப மனம் துடிக்கும். ஆனால், புள்ளிச் சுழற்சி ஒருமுறை ஒன்பது ஆண்டிலும் மற்றொருமுறை பதின்மூன்று ஆண்டிலும் முடிவதுண்டு. குறிஞ்சியோ அதைப் பொருட்படுத்துவதில்லை. எண்கள் அருகில் இருப்பதே உறவாகிவிடாது. மழையும் புள்ளியும் பற்றிய நம்பிக்கைக்கும் இத்தகைய சோதனை காத்திருந்தது.

ஜான் எவர்ஷெட் இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள கோம்ஷல் என்னும் ஊரில் 1864ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் பயிலவில்லை. இலண்டனில் ஒரு வணிக நிறுவனத்தில் வேதிப்பொருள்களைப் பகுத்தாய்ந்து பிழைப்பு நடத்தினார். வேலை முடிந்த பின் எஞ்சிய பொழுது அனைத்தும் சூரியனுக்கே உரியதாயிற்று. கென்லி என்னும் இடத்தில் 1890இல் தமக்கென ஒரு சிறு ஆய்வகம் அமைத்தார். அவருடைய ஆர்வத்தை அறிந்த வானியல் அன்பர் ரான்யார்டு, 1894இல் மறைந்தபோது, தம் 18 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கியையும் நிறமாலைநோக்கியையும் எவர்ஷெட்டுக்கு விட்டுச்சென்றார்.

நிறமாலைநோக்கி என்பது ஒளியைப் பிரித்துப் படிக்கும் கருவி. சூரிய ஒளியை அதன் வழியே செலுத்தினால் வானவில்லின் வண்ணப்பட்டை விரியும். அதன் குறுக்கே ஆயிரக்கணக்கான மெல்லிய கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் சூரியனிலுள்ள ஒரு தனிமத்தின் கையொப்பம். ஒளியை விடும் வளிமம் நம்மை நோக்கி வந்தால் கோடு ஊதாப் பக்கம் சற்றே நகரும். விலகிச் சென்றால் சிவப்புப் பக்கம் நகரும். தொடர்வண்டி நெருங்கும்போது ஊதல் ஒலி உயர்ந்தும் கடந்தபின் தாழ்ந்தும் கேட்பது போன்றதே இது. பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள வளிமம் எத்திசையில் எவ்வேகத்தில் ஓடுகிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே அளக்க உதவும் இந்த டாப்ளர் விளைவு, எவர்ஷெட்டின் வாழ்நாள் கருவியாயிற்று.

முழுச் சூரிய கிரகணங்களைத் தேடி அவர் நாடு நாடாகச் சென்றார். 1896இல் நார்வேயில் மேகம் மறைத்துவிட்டது. ஆயினும் அப்பயணம் வீணாகவில்லை. அதே கிரகணத்தைக் காண வந்திருந்த மேரி ஆக்வொர்த் ஆர் என்னும் வானியல் ஆர்வலரை அங்குதான் அவர் அறிந்தார். 1898இல் இந்தியாவில் மகாராட்டிரப் பகுதியிலுள்ள தல்னியில் கிரகணத்தின் நிறமாலையை வெற்றியுடன் படம்பிடித்தார். எட்டாண்டுகள் கழிந்து, 1906இல், கொடைக்கானல் ஆய்வகத்தின் துணை இயக்குநர் பணி அவரைத் தேடி வந்தது. பொழுதுபோக்காகச் செய்ததையே தொழிலாகச் செய்யும் வாய்ப்பு நாற்பத்திரண்டாம் வயதில் கிட்டியது. அவ்வாண்டே மேரியை மணந்தார். இருவரும் அமெரிக்கா, ஜப்பான் வழியாகப் பயணம் செய்து, வழியில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தையும் அதன் தலைவர் ஹேலையும் கண்டு, 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொடைக்கானலை அடைந்தனர்.

அன்றைய கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. அம்மையநாயக்கனூர் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலோ சுமப்பவர் தோளிலோ கால்நடையாகவோ மலையேற வேண்டும். ஆய்வகத்துக்கு வேண்டிய கண்ணாடி வில்லைகளும் இரும்புப் பாகங்களும் மலைக்கு வந்து சேர்ந்ததும் மனித உழைப்பால்தான். அவற்றைச் சுமந்தவர்களின் பெயர்களை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. ஒளிப்படம் எடுத்தும், அளந்தும், பதிவேடு எழுதியும் ஆய்வகத்தை நாள்தோறும் நடத்தியவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு உதவியாளர்களே.

எவர்ஷெட் வந்தபோது அங்கே சூரியனை ஒரே ஒரு நிறக்கோட்டில் படம்பிடிக்கும் கருவி இருந்தும் முழுப்பயன் தரும் நிலையில் இல்லை. அவர் அதனைச் சீர்செய்தார். தம் கையாலேயே புதிய நிறமாலைக் கருவிகளைக் கட்டினார். கருவியைத் தானே அமைப்பவனுக்குத்தான் அதன் பொய்யும் மெய்யும் தெரியும் என்பது அவருடைய பணிமுறையைக் காணும்போது நமக்குத் தோன்றுகிறது.

அப்போது அறிவியல் உலகில் ஒரு பெருஞ்செய்தி பரவியிருந்தது. சூரியப்புள்ளிகளில் வலிமைமிக்க காந்தப்புலம் உள்ளது என்பதை ஹேல் 1908இல் நிறமாலைக் கோடுகளின் பிளவைக்கொண்டு மெய்ப்பித்தார். புவிக்கு அப்பால் காந்தப்புலம் காணப்பட்டது அதுவே முதன்முறை. மின்னூட்டம் கொண்ட வளிமம் சுழன்றால் காந்தப்புலம் பிறக்கும். எனவே புள்ளி என்பது மாபெரும் சுழல் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆற்றில் நீர்ச்சுழி இருப்பதுபோல் சூரியனில் தீச்சுழி. எளிய, அழகிய விளக்கம். அந்தச் சுழற்சியை நேரில் அளந்துவிட்டால் விளக்கம் நிறைவுறும். எவர்ஷெட் அதற்கே முனைந்தார்.

1909ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள். சூரியனில் இரு பெரும்புள்ளிகள் தெரிந்தன. காற்று அசைவின்றி இருந்ததால் படிமம் மிகத் தெளிவாக அமைந்தது. ஒரு பெரும்புள்ளியின் நடுவே கருநிழல் எனப்படும் இருண்ட பகுதியும், அதனைச் சூழ்ந்து இழையிழையாய் விரியும் புறநிழல் என்னும் மங்கிய பகுதியும் இருக்கும். எவர்ஷெட் கருவியின் பிளவைப் புள்ளியின் குறுக்கே வைத்துப் படமெடுத்தார். புள்ளி சுழல்வதாயின், சூரிய வட்டத்தின் விளிம்புக்கு இணையாகப் பிளவை வைக்கும்போது கோடுகள் சாய வேண்டும். ஒருபக்க வளிமம் நம்மை நோக்கியும் மறுபக்க வளிமம் நம்மை விட்டும் ஓடுமன்றோ? ஆனால் அவ்வாறு வைத்தபோது கோடுகள் நேராக நின்றன. சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய திசையில் வைத்தபோதோ, புறநிழலில் கோடுகள் தெளிவாகச் சாய்ந்தன. நடுப்பக்கப் புறநிழலிலுள்ள வளிமம் நம்மை நோக்கி வந்தது. விளிம்புப்பக்க வளிமம் விலகிச் சென்றது.

இதன் பொருள் ஒன்றே. வளிமம் சுழலவில்லை, கருநிழலிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கி விரைகிறது. தேடியது சுழி, கண்டது ஊற்று. அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு ஒரு நிமிடத்தில் சென்றுவிடும் வேகம் அது. அடுத்தடுத்த மாதங்களில் வேறு புள்ளிகளையும் அவர் ஆராய்ந்தார். புள்ளி சூரியனின் நடுவில் இருக்கும்போது சாய்வு மறைவதையும் விளிம்பை நெருங்கும்போது மிகுவதையும் கண்டார். ஓட்டம் சூரியப் பரப்புக்கு இணையானது என்பது இதனால் உறுதியாயிற்று. இன்று இது உலகெங்கும் எவர்ஷெட் விளைவு என அழைக்கப்படுகிறது.

இங்குதான் அவருடைய தன்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். வெளிநோக்கிய ஓட்டமும் ஹேல் கண்ட காந்தப்புலமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்பதை எவர்ஷெட் மறைக்கவில்லை. தம் கட்டுரையிலேயே எழுதினார். ஹேலின் கண்டுபிடிப்பை அவர் ஐயுறவுமில்லை, தம் அளவீட்டைக் கைவிடவுமில்லை. இரண்டும் மெய், இரண்டையும் இணைக்கும் விளக்கம் அவரிடம் இல்லை. அந்நிலையில் விட்டுவைப்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும். எளிய விளக்கத்துக்கு ஏற்ப அளவீட்டைச் சற்றே வளைத்துக்கொள்வது எவருக்கும் எளிது.

புதிர் மேலும் வளர்ந்தது. மவுண்ட் வில்சனில் செயின்ட் ஜான் பல தனிமங்களின் கோடுகளை அளந்து, உயரம் கூடக்கூட வெளியோட்டம் குறைந்து, மேல்மட்டமாகிய நிறமண்டலத்தில் வளிமம் உள்நோக்கிப் பாய்வதை 1913இல் விரிவாக எடுத்துரைத்தார். ஒரே புள்ளியில் கீழே வெளியோட்டம், மேலே உள்ளோட்டம். வெளியோட்டமும் புறநிழலின் எல்லையை அடைந்ததும் திடீரென நின்றுவிடுகிறது. அவ்வளவு வளிமம் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? வாரக்கணக்கில் நிலைக்கும் புள்ளி ஏன் வற்றிப்போவதில்லை?

இக்கேள்விகளுக்கு விடை கிடைக்க நூறாண்டு ஆயிற்று என்றால் வியப்பாக இருக்கும். சூரியனில் செயற்படும் விதிகள் புதியன அல்ல. வெப்பமான வளிமம் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். மின்னூட்ட வளிமமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று இழுக்கும். இவற்றைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் கோடானுகோடி வளிமத் துணுக்குகள் இவ்விதிகளுக்கு ஒருங்கே கட்டுப்படும்போது, எந்தத் தனித்துணுக்கிலும் இல்லாத ஒரு வடிவம் முழுமையில் தோன்றுகிறது. அதுவே புள்ளி, அதுவே புறநிழலின் இழை, அதுவே பதினொரு ஆண்டுச் சுழற்சி. விதியை அறிதல் வேறு. விதி நிகழ்த்துவதை அறிதல் வேறு. கோக்கர்ஸ் நடைபாதையில் நிற்பவருக்கு இது புரியும். பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனியின் ஒவ்வொரு நீர்த்துளியும் எளிய விதிப்படிதான் மிதக்கிறது. ஆயினும் இன்னும் பத்து நிமிடத்தில் சமவெளி தெரியுமா, மறையுமா என்பதை எந்த விதியும் நேராகச் சொல்வதில்லை.

மிச்சி ஸ்மித் ஓய்வுபெற்றபின் 1911இல் எவர்ஷெட் இயக்குநரானார். ஆல்பா துகள் ஹீலியமே என மெய்ப்பிப்பதில் ரூதர்போர்டுக்குத் துணைநின்ற தாமஸ் ராய்ட்ஸ் அவருக்குத் துணையாக வந்தார். மேரி எவர்ஷெட் ஊதியம் பெறாமலே ஆய்வில் பங்குகொண்டார். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றிய பெரிய ஆய்வுத் தொகுப்பு 1917இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914இல், கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில், வெளியாயிற்று. கணவரின் புகழில் மனைவியின் பெயர் கரைந்துபோவது அன்றும் இன்றும் உள்ள வழக்கம். மேரியை அவ்வாறு கரையவிடுதல் நேர்மையன்று. எவர்ஷெட் 1915இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1918இல் அரச வானியல் கழகத்தின் பொற்பதக்கம் பெற்றார்.

அவர் எல்லாவற்றிலும் வென்றவர் அல்லர். சூரியனின் கோடுகள் பொதுவாகவே சிவப்புப் பக்கம் சற்று நகர்ந்திருப்பதையும், விளிம்பில் அது மிகுவதையும் அவர் நெடுங்காலம் அளந்துவந்தார். புவியே சூரிய வளிமத்தைத் தள்ளுகிறதோ என்றுகூட ஐயுற்றார். சூரியனின் மறுபக்கத்து ஒளியைக் காண வெள்ளிக்கோளில் பட்டுத் திரும்பும் ஒளியை ஆராய்ந்து, அவ்வையத்துக்குச் சான்று கிடைத்ததாகவும் கருதினார். பிற ஆய்வகத்தார் சரிபார்த்தபோது அது மெய்ப்படவில்லை. அந்த நகர்வில் ஒரு பகுதி, ஐன்ஸ்டைனின் கோட்பாடு முன்கூறிய ஈர்ப்பு விளைவு. மற்றொரு பகுதி, சூரியப் பரப்பில் ஓயாது கொதித்தெழும் வளிம ஓட்டங்களின் விளைவு. இரண்டும் பின்னிக் கிடந்தமையால்தான் ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் தடுமாறினர். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிக்க 1922இல் ஆஸ்திரேலியாவின் வல்லாலில் நிகழ்ந்த கிரகணத்துக்குச் சென்றார். கருவிக் கோளாற்றால் அதிலும் பயன் கிட்டவில்லை.

ஆய்வகம் தோன்றக் காரணமான மழைக் கணக்கு என்னவாயிற்று? இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணிதவியலார். கொடைக்கானல் ஆய்வகமும் அவர் துறையின்கீழ் இருந்தது. உலகின் பல பகுதிகளின் மழைப் பதிவுகளைப் புள்ளி எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்து, பருவமழையை முன்கூறப் பயன்படும் அளவுக்கு உறவு எதுவும் இல்லை என்று கண்டார். ஆனால் அத்தேடலின் வழியில், பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் ஓரிடத்தில் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் தாழ்கின்ற ஓர் ஊசலாட்டம் அவருக்குப் புலப்பட்டது. எல் நினோ எனும் கடல்வெப்ப நிகழ்வும் அவ்வூசலும் ஒன்றன் இருபக்கங்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தாது வருடத்தில் நம் மழையைத் தடுத்ததில் பெரும்பங்கு, சூரியனுக்கு அன்று, பசிபிக் கடலுக்கு உரியது என்பதே இன்றைய கருத்து.

எவர்ஷெட் விளைவுக்கும் விளக்கம் மெல்ல வந்தது. காந்தப்புலம் வளிமத்தின் கொதிப்பை அடக்குவதால் புள்ளி குளிர்ந்து இருள்கிறது என 1941இல் பியர்மன் கூறினார். 2009ஆம் ஆண்டளவில், எவர்ஷெட்டின் தகடுகளுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, மாபெரும் கணினிகளில் ஒரு முழுப்புள்ளியை உருவாக்கிக் காட்ட முடிந்தது. சாய்ந்த காந்தப்புலத்தில் சிக்கிய வளிமம் இழைகளினூடே மேலெழுந்து, வெளிநோக்கி ஓடி, பின் கீழே அமிழ்கிறது. புள்ளி வற்றாததற்கும் ஓட்டம் எல்லையில் நிற்பதற்கும் இதுவே காரணம். கணினிக்கு எவரும் புறநிழலை வரைந்து கொடுக்கவில்லை. அடிப்படை விதிகளைக் கொடுத்தனர், புறநிழல் தானே தோன்றியது. ஆயினும் உண்மைச் சூரியனில் ஒரு புள்ளிக்குப் புறநிழல் எப்போது அமையும், மற்றொன்றுக்கு ஏன் அமையாது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

முன்கூறலும் அவ்வாறே. தற்போதைய 25ஆம் சுழற்சியின் உச்சம் 2025ஆம் ஆண்டின் நடுவில், 115 என்னும் அளவில் அமையும் என்று 2019இல் வல்லுநர் குழு கணித்தது. உச்சம் 2024ஆம் ஆண்டின் இறுதியிலேயே, ஏறத்தாழ 160 என்னும் அளவில் வந்துவிட்டது.

1923இல் எவர்ஷெட் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். சர்ரேயிலுள்ள யூஹர்ஸ்ட் என்னும் ஊரில் மீண்டும் தமக்கென ஓர் ஆய்வகம் கட்டிக்கொண்டு, ஏறத்தாழ முப்பதாண்டுகள் சூரியனை நோக்கிவந்தார். 1949இல் மேரி மறைந்தார். தொண்ணூறை நெருங்கும் வயதில்தான் எவர்ஷெட் தம் ஆய்வகத்தை மூடிக் கருவிகளைப் பிறருக்கு வழங்கினார். 1956ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் தம் 92ஆம் வயதில் காலமானார். கணினி விளக்கத்தை அவர் காணவில்லை.

கொடைக்கானலிலோ 1904 முதல் நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் பெருகின. இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றைக் கணினிப் பதிவாக மாற்றியுள்ளது. மழையை முன்கூறுவதற்கெனத் தொடங்கிய அந்தத் தொகுப்பு, சூரியனின் காந்தப்புலம் நூறாண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதை அறிய இன்று பல நாட்டு ஆய்வாளரால் பயன்படுத்தப்படுகிறது. மேகமற்ற காலைகளில் அந்த மேட்டில் இன்றும் கதவு திறக்கப்படுகிறது. தொலைநோக்கி கிழக்கே திருப்பப்படுகிறது. அன்றைய புள்ளிகள் பதிவு செய்யப்படுகின்றன.